ரோஜா மணக்கும் கிருமி

1

பேருந்தில் என் முன்னிருக்கைப் பெண் போனில் கேட்டாள்: "கிருமி எங்கயாவது சென்ட் அடிச்சுக்குமா?" அந்த ஒரு வரிதான் எனக்குக் கிடைத்தது. மீதி முழுவதும் நானே கட்டியது. ஆகவே என்னையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படிப்பது நல்லது.

2

முதல் தொடக்கம்: கணவனின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது அவள் இதயம்—

(வேண்டாம். இதயம் வந்தால் கதை அழுதுவிடும்.)

இரண்டாவது: கணவனின் சட்டையில் ரோஜா மணத்தது. அவள் அதை வாளியில் போடாமல் கூடத்துக்குக் கொண்டுவந்தாள்.

"யாருது இது?"

"கிருமியோடது."

"பேரு வெச்சிருப்பீங்களே கிருமிக்கு?"

"அட, ஆய்வகத்துல வளர்க்கிறோம்மா. ரோஜாச் செடியோட நொதிக்கான ஜீனை எடுத்து பாக்டீரியாவுக்குள்ள வெச்சிருக்கோம். சர்க்கரை போட்டா அதுவே வாசனை எண்ணெய் செய்யும். பூவே வேணாம்."

"பூ வேணாம், சரி. பொண்ணு?"

3

(இவனை நல்லவனாகத்தான் எழுத ஆரம்பித்தேன். கேட்காததற்கெல்லாம் விளக்கம் சொல்கிறான். எனக்கே உறுத்துகிறது.)

மறுநாள் அவள் ஆய்வகத்துக்கே போய்விட்டாள். அவன் சொன்னது நிஜமென்றால் வீடு. இல்லையென்றால் நேரே அண்ணன் வீடு.

அவன் குடுவையைத் திறந்து நீட்டினான். அவள் முகர்ந்தாள். ஊறிப்போன காலுறை நாற்றம்.

அவனோடு வேலை பார்க்கும் அக்கா திரும்பினாள். "அதுல வாசனை போய் ரெண்டு வாரம் ஆச்சே தம்பி. ஆன்டிபயாட்டிக் போட மறந்துட்டீங்கல்ல?"

பிறகு மனைவிக்கு விளக்கினாள். இரவல் ஜீன் கிருமிக்குச் சுமை. அதோடு மருந்தைத் தாங்கும் ஜீனையும் ஒட்டிவிட்டு, அதை வைத்திருப்பவை மட்டும் பிழைக்கும்படி ஆன்டிபயாட்டிக் கலப்பார்கள். கலக்காவிட்டால், சுமையை உதறியவை மளமளவென்று பெருகிக் குடுவையையே பிடித்துக்கொள்ளும்.

"ரெண்டு வாரமா?" என்றாள் மனைவி. "சட்டையில வாசனை நேத்துதானே வந்துச்சு!"

4

அவனுக்கு எழுதிப் பார்த்த பதில்கள்:

(அ) "உறைபெட்டியில பழைய கிருமி ஒரு குப்பி இருக்கு. அதுல கொஞ்சம் எடுத்து வளர்த்தேன். வாசனை வந்துச்சு, எண்ணெய்தான் போதல. நேத்து கொட்டும்போது சட்டையில பட்டிருக்கும்." உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவன் வாயில் வைத்ததும் புளுகாகக் கேட்டது.

(ஆ) அவன் அக்காவைத் திரும்பிப் பார்த்து—

(அக்காவையும் சந்தேகித்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஸ்பிரிட் வாடைதான்.)

(அ)வையே வைத்துக்கொள்கிறேன்.

"அப்ப இப்பவே வளருங்க," என்றாள் மனைவி.

அக்கா உறைந்த குப்பியிலிருந்து துளி சுரண்டி, புதுக் குடுவையில் ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்து, குலுக்கும் இயந்திரத்தில் வைத்தாள். "காலையில தெரிஞ்சிடும். வீட்டுக்குப் போம்மா."

மனைவி நாற்காலியை இழுத்து இயந்திரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "நான் அந்தப் பக்கம் போனா, இவரு இந்தப் பக்கம் எதையாவது ஊத்திடுவாரு."

5

காலையில் புதுக் குடுவை நாறினால் அவன் பொய்யன். ரோஜா மணத்தால்? அந்தக் கிருமிக்கு மணக்கத் தெரியும் என்பது மட்டும் நிரூபணமாகும். சட்டையில் இருந்தது அதன் வாசனைதான் என்று யார் சாட்சி சொல்வது? அவளுக்கும் இது உறைத்திருக்க வேண்டும். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

நான் திறக்க மாட்டேன். அவனைத் திறக்க அவள் விடமாட்டாள். காலையில் மூடியைத் திறக்க நீங்கள்தான் வரவேண்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிட்டே போனதும் முதலில் உங்கள் கையை முகர்ந்து பார்ப்பாள்.