தலைவர் தொட்ட குழாய்

குடிநீர் அலுவலகக் கூட்ட அறையில் இருபத்து நான்கு திரைகளை ஒட்டிவைத்து ஒரு சுவரையே எழுப்பியிருந்தாள் அந்த இன்ஜினியர். ஆட்கள் கருவியோடு தெருத்தெருவாக நடந்து, மண்ணுக்கடியில் கண்ட குழாயையெல்லாம் அதில் ஏற்றியிருந்தார்கள். எட்ட நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். கிட்டே போனால் ஒரு வீட்டு வால்வுவரை தெரியும். வீட்டின்மேல் விரலை வைத்தால், அதற்குத் தண்ணீர் வரும் வழி நீலமாக ஒளிரும். மூன்று வருட உழைப்பு. குழாய் வேலைக்கு இது தேவையா இல்லையா என்று குடிநீர் வாரியத் தலைவர் இன்று சொல்லப்போகிறார்.

இதுவரை பார்க்க வந்தவர்களில் ஒருத்தராவது உருப்படியாக ஏதாவது கேட்டார்களா? ஒருவர் மேட்ச் போடச் சொன்னார். இன்னொருவர் மகளின் கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கட்டிய புருஷனே, "நம்ம வீட்டுக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைவர் வந்து கடைசி வரிசையில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் எழாமல் வேறு யார் எழுவார்கள்? கூட வந்த எட்டு அதிகாரிகளும் உட்கார்ந்தபடியே தலையாட்டினார்கள்.

"சார், கிட்ட வந்து தொட்டுப் பாருங்க."

"இங்கேருந்தே நல்லாத் தெரியுதும்மா. பெரிய டி.வி."

"டி.வி. இல்ல சார்!" குரல் உயர்ந்தேவிட்டது. "உங்க வீட்டுக்குப் பின்னால இருக்கற தெருவுக்கு ரெண்டு வருஷமா தண்ணி ஒழுங்கா வரல. காரணம் இதுல எங்கேயோதான் இருக்கு. உக்காந்த இடத்துலேருந்து எப்படி சார் தெரியும்?"

"எங்க வீடு இதுல இருக்கா?"

"வந்து தேடுங்க சார்!"

அவர் எழுந்தார். எட்டுப் பேரும் எழுந்தார்கள். "இதோ! இதோ!" என்று குழந்தை மாதிரி துள்ளி, தன் வீட்டின்மேல் விரலை அழுத்தினார்.

முன்தெருவிலிருந்து ஒரு கோடு ஒளிர்ந்தது. பின்தெருவிலிருந்து இன்னொன்று, இரண்டு மடங்கு பருமனில், நேராக அவர் தோட்டத்துக்குள் போய் முடிந்தது.

விரலை வெடுக்கென்று எடுத்தார். கோடு அணையவில்லை. பத்து நொடி எரியும்படி வைத்தவள் அவள்தான். யார் முகத்திலும் ஈயாடவில்லை. அவளுக்கு மட்டும், பாவம், சந்தோஷம் தாங்கவில்லை. இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்?

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நல்ல வேலைம்மா. வரவேற்பறையில மாட்டிடுங்க. பூ, அருவின்னு ஏதாவது ஓடட்டும்."

"அப்போ குழாய், சார்?"

"அதுக்குப் பழைய வரைபடமே போதும்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அருமையான யோசனை சார்!" என்றார் முதல் ஆளாக ஓர் அதிகாரி. அவர் குடியிருப்பது பின்தெருவில். குளிக்கத் தண்ணீர் இல்லாமல் அன்று காலை அலுவலகக் குழாயில்தான் குளித்திருந்தார்.