சினைப் பங்கு

செல்லப்பனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் அவர் தங்கை குப்பு. துணி போதவில்லை என்றதும் அம்சவள்ளி தன் பழைய புடவையின் கரையைக் கிழித்துக் கொடுத்தாள். அழுகை வரவில்லை. புருஷன் மேல் அவளுக்கு அவ்வளவு கோபம்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன பங்குகளால் வந்தது. செல்லப்பன் திருபுவனையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனபோது தொழிலாளிகளுக்கென்று ஒதுக்கியதில் ஐம்பது வாங்கிப் போட்டார். சில வருடம் கழித்து கம்பெனி ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தது, ஐம்பது நூறானது. அப்புறம் இன்னொரு முறை, இரண்டை ஐந்தாகப் பிரித்தார்கள், நூறு இருநூற்றைம்பதானது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆடு குட்டி போடறாப்புல போடுதுடி!" என்றார்.

"வெல கொறைஞ்சி பூட்ச்சின்றாங்களே?"

"குட்டி போட்ட ஆடு எளைக்காதா? மேய்ஞ்சா தேறிக்கும்."

விலை தேறியும் தொலைத்தது. அதன் பிறகு யார் பேச்சு அவர் காதில் ஏறும்?

போன மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடைப்பு, உடனே ஆப்பரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். பங்கை விற்றால் செலவுக்குப் பணம் கிடைத்திருக்கும். ஆனால் கம்பெனி மறுபடியும் ஒன்றை இரண்டாகப் பிரிக்கத் தேதி குறித்திருந்தது.

"சினையாட்ட எவனாவது விப்பானாடி? ஐந்நூறு ஆவட்டும். பாதிய வித்து வைத்தியம் பாப்போம், மீதி ஒனக்கு" என்று படுத்துக்கொண்டார்.

அம்சவள்ளி மகன் அன்புராஜிடம் ஓடினாள். பி.காம். படித்துவிட்டு வில்லியனூரில் ஆடிட்டர் ஆபீசில் இருப்பவன். "அப்பா சொல்றது சரிதாம்மா, கொஞ்ச நாள்தானே" என்றான். படித்த பிள்ளையே சொல்கிறான் என்று அவளும் அடங்கிப் போனாள்.

அந்தத் தேதி வருவதற்குள் செல்லப்பன் போய்விட்டார்.

அவரோடு ஒரே ஷிப்டில் வேலை செய்த அரங்கநாதன் மாலையோடு வந்தார். அவரைப் பார்த்ததும் அம்சவள்ளிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"இன்னும் கொஞ்ச நாள் தாண்டியிருந்தா ரெண்டு பங்கா ஆயிருக்கும், ஆப்பரேசனும் பண்ணியிருப்போம்ண்ணே."

அரங்கநாதன் விழித்தார். "இன்னா தங்கச்சி சொல்ற? ஒண்ணு ரெண்டானா வெலையும் பாதியாவும். ஒரு இட்லிய ரெண்டா பிட்டாப்புல. துட்டு அதேதான். அன்னிக்கே வித்திருக்கலாமே. எனக்கே ஒம் புள்ளதான் தீவாளிக்கு வந்தப்ப வெளக்கிச் சொன்னான்."

அம்சவள்ளி எழுந்து வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். அன்புராஜ் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு நின்றிருந்தான்.

"ஒனக்குத் தெரியுமாடா?"

எதைக் கேட்கிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "அவரு யாரு சொல்லிக் கேட்டாரு?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

அவன் வேட்டி முனையைப் பிழிந்தான். "வித்திருந்தா மொத்தமும் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கும். அப்பவும் பொழைப்பாருன்னு இன்னா நிச்சயம்?"

பெற்ற பிள்ளை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷனைக் காலில் விழுந்தாவது இழுத்துக்கொண்டு போயிருப்பாள். பறை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் திரும்பி வந்து பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"வாய்க்கரிசி போடறவங்க வாங்க. புள்ள மொதல்ல போடட்டும்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

அன்புராஜ் கைநிறைய அரிசி எடுத்துக்கொண்டு குனிந்தான். அம்சவள்ளி தன் உள்ளங்கையைப் புருஷன் வாயின் மேல் வைத்து மூடினாள்.

"கைய எடு அண்ணி, புள்ள போடட்டும்" என்று குப்பு அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கை அசையவில்லை.

"பாவம், புருசன வுட மனசு வரல" என்று பெண்கள் இன்னும் பெரிதாக அழுதார்கள்.

அன்புராஜ் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பிடியிலிருந்து நழுவிய அரிசி அவள் புறங்கையில் விழுந்துகொண்டிருந்தது.