வரி ஏய்ப்பில் முதலிடம்

குழாய்க் கடைக்காரருக்கு ஒரே ஒரு தங்கை. அரசுப் பணித் தேர்வுக்கு அவள் படிக்கத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகிவிட்டதால், வீட்டில் எல்லோரும் அவளை ‘ஆபீசர்’ என்றே கூப்பிட்டார்கள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. போகப் போகக் கிண்டல் தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. இந்த முறை எழுத்துத் தேர்வில் தேறி நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும், அந்தப் பெயரைச் சொல்லும்போது அண்ணியின் குரலில் கொஞ்சம் மரியாதைகூடச் சேர்ந்துகொண்டது.

வீட்டில் அண்ணனின் இரட்டைப் பெண்கள் போடும் கூச்சலில் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியாது. அதனால் ஆபீசர் கடைக்கு வந்துவிடுவாள். குழாய், ஷவர், வாஷ்பேசின், தரை டைல்ஸ் என்று கால் வைக்க இடமில்லாத கடை. உட்கார இருந்த ஒரே இடம், மூலையில் காட்சிக்கு வைத்திருந்த மேற்கத்தியக் கழிப்பறைக் கோப்பை. மூடியைப் போட்டு, மேலே ஒரு தலையணையையும் போட்டு, அதில் உட்கார்ந்துதான் அவள் உலக நடப்புகளைப் படித்தாள். வாடிக்கையாளர் யாராவது “இது என்ன விலைங்க?” என்று கைநீட்டினால், எழுந்து நின்று விலையைச் சொல்லி, தண்ணீர் எவ்வளவு மிச்சமாகும் என்பதையும் சொல்லி, அவர் போனதும் விட்ட வரியிலிருந்து தொடருவாள்.

அவளுடைய பயிற்சி மையத்தில் நடப்பு நிகழ்வுகள் எடுப்பவருக்குக் ‘கரண்ட் சார்’ என்று பெயர். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களிடம் அவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: “எதையும் வீட்டுல ஒருத்தருக்குப் புரியற மாதிரி சொல்லிப் பாருங்க. அவங்க கொட்டாவி விடலைன்னா நீங்க பாஸ்.”

அண்ணன் எதற்கும் கொட்டாவி விடுகிறவர். அதனாலேயே ஆபீசர் அவரைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு மந்தமான மத்தியானம், ஷவர் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றாள்.

“அண்ணா, வரி ஏய்ப்பத் தடுக்க நாடுகள் எப்படி ஒத்துழைக்குதுன்னு சொல்றேன். கேக்கறியா?”

“சொல்லு, சொல்லு. கை வேலை செய்யும், காது சும்மாதானே இருக்கு.”

“முன்னெல்லாம் ஒருத்தர் வெளிநாட்டு பேங்க்ல பணம் வச்சிருந்தா, அவரோட சொந்த நாட்டுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கணும்னா, ‘இந்த ஆளப் பத்திச் சொல்லுங்க’ன்னு கேட்டு எழுதணும். யாருன்னே தெரியாம எப்படிக் கேக்கறது? அதனால தப்பிச்சிட்டாங்க.”

“ம்...”

“இப்போ அப்படி இல்ல. நூத்துக்கும் மேல நாடுங்க சேந்து ஒரு ஏற்பாடு பண்ணிருக்கு. அங்க பேங்க்ல கணக்கு வச்சிருக்கற வெளிநாட்டுக்காரங்க யாரு, எவ்வளவு இருக்கு, வட்டி எவ்வளவுன்னு வருஷா வருஷம் அவங்கவங்க நாட்டுக்குத் தானாவே தகவல் போயிடும்.”

“கேக்காமலேவா?”

“கேக்காமலே.”

அண்ணன் கையிலிருந்த ஷவர் நழுவி, கீழே இருந்த வாஷ்பேசினில் விழுந்து, இரண்டும் விரிசல் கண்டன. கொட்டாவி வரவில்லை. ஆபீசருக்கு ஒரே சந்தோஷம்.

விஷயம் இதுதான். கடை வைப்பதற்கு முன் அண்ணன் சில வருடங்கள் வெளிநாட்டில் குழாய் வேலை பார்த்தார். அப்போது அங்கே திறந்த வங்கிக் கணக்கை ஊருக்குத் திரும்பும்போது மூடவில்லை. பிறகு அந்த ஊர் டைல்ஸ் கம்பெனி ஒன்றுக்கு இங்கே வாடிக்கையாளர்களைப் பிடித்துக் கொடுத்தார். அதற்கு வந்த கமிஷன் அந்தக் கணக்கிலேயே விழுந்தது. வரித்துறைக்குச் சொல்லவில்லை, கடையின் ஆடிட்டருக்குச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மனைவிக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அண்ணனுக்கு உலக நடப்பில் தாங்க முடியாத அக்கறை பிறந்தது.

“ஏன் ஆபீசரே, ஒரு சந்தேகம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்னு வச்சிக்கோ... சின்னக் கணக்குதான். அதையும் சொல்லிடுவாங்களா?”

“சூப்பர் கேள்வி அண்ணா! சொல்லிடுவாங்க.”

“அவரு அந்தக் கணக்க அவசரமா மூடிட்டாருன்னா?”

“மூடினதையும் சொல்லிடுவாங்க.”

அண்ணன் தண்ணீர் குடித்தார்.

“சரி, ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஏதோ ஒப்பந்தம்னு படிச்சிட்டிருந்தியே, அது என்ன?”

“இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம்.”

“ரெட்டை வரியா? ரெண்டு மடங்கு கட்டணுமா?” அண்ணன் பக்கத்திலிருந்த சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

“ரெண்டு தடவ கட்டாம இருக்கறதுக்குத்தான் அண்ணா அந்த ஒப்பந்தம். உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?”

“கடையில காத்தே இல்ல.”

நேர்முகத் தேர்வுக்காக அண்ணன் தனக்கு இவ்வளவு பாடுபடுகிறாரே என்று ஆபீசர் நெகிழ்ந்துபோனாள். அவர் கேட்பவை எல்லாமே ஆளை மடக்கும் கேள்விகள். சிலவற்றுக்கு அவளுக்கே பதில் தெரியவில்லை. “இதெல்லாம் கரண்ட் சார் கிட்டத்தான் கேக்கணும்” என்று ஒருநாள் சொல்லிவிட்டாள்.

அது போதும் அவருக்கு. ஆபீசர் காலை வகுப்பு. அண்ணன் மாலை வகுப்பில் போய்ச் சேர்ந்தார். வீட்டில் வியாபாரிகள் சங்கக் கூட்டம் என்று சொல்லிக்கொண்டார். கல்லூரி முடித்த கையோடு வந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவே, நரைத்த மீசையும் சட்டைப் பையில் அளவு டேப்புமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

கரண்ட் சார் அவரை மேலும் கீழும் பார்த்தார். “தேர்வுக்கு வயசு வரம்பு இருக்கு, தெரியும்ல?”

“அறிவுக்கு இல்லைல சார்?”

வகுப்பு கைதட்டியது. கரண்ட் சாருக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று.

மற்ற பாடங்களுக்கு அண்ணன் தூங்குவார். விண்வெளி வந்தால் தூக்கம், விளையாட்டு விருதுகள் வந்தால் குறட்டை. வரி என்ற சொல் காதில் விழுந்தால் போதும், நிமிர்ந்து உட்காருவார்.

“சார், அந்தக் கணக்கு மச்சினன் பேர்ல இருந்துச்சுன்னா?”

“பேரு யாருதுன்னு மட்டும் பாக்க மாட்டாங்க. கடைசியில பலன் யாருக்குப் போகுதுன்னு பாப்பாங்க.”

“மச்சினன் செத்துட்டாருன்னா?”

“ஏன்யா அவரக் கொல்ற?”

“சும்மா, ஒரு பேச்சுக்கு. சரி சார், அந்த ஆளே போய், ‘நான்தான், மன்னிச்சுக்குங்க’ன்னு சொன்னா?”

“அதுக்குப் பல நாடுகள்ல தானா முன்வந்து சொல்ற வழி இருக்கு. நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி சொல்லணும். வரியும் அபராதமும் கட்டணும். ஆனா ஜெயில் கியில்னு போகாம தப்பிக்க வாய்ப்பு உண்டு.” சார் வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். “பாத்தீங்களா? இவர மாதிரி யோசிங்க. ஏய்க்கறவன் மனசுக்குள்ளயே போய் உக்காந்து கேக்கறார் பாருங்க!”

மாத முடிவில் மாதிரித் தேர்வு. பொது அறிவில் அண்ணன் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லாமல் இருப்பதே நல்லது. ஆனால் வரி ஏய்ப்புக்கு எதிரான பன்னாட்டு ஒத்துழைப்பு என்ற பகுதியில் ஒரு கேள்விகூடத் தப்பவில்லை. மையத்தின் வரலாற்றில் எந்தப் பகுதியிலும் யாரும் முழு மதிப்பெண் வாங்கியது கிடையாது. விளம்பரத்துக்கு ஏங்கிக் கிடந்த மையத்தின் முதலாளி, சேர்க்கைப் படிவத்தில் ஒட்டியிருந்த அண்ணனின் புகைப்படத்தை எடுத்து, வாசகமும் எழுதி, அச்சகத்துக்கு அனுப்பினார். அச்சகத்துக்காரருக்கு முகம் பெரிதாக இருந்தால்தான் எடுப்பு. மீசையைப் பெரிதாக்கியதில் வாசகத்துக்கு இடம் போதவில்லை. நடுவில் இருந்ததை வெட்டிவிட்டார்.

மறுநாள் காலை, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இரண்டு மாடி உயரத்தில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே, ‘வரி ஏய்ப்பில் முதலிடம்! வாழ்த்துகள்!’ நெஞ்சுக்குக் கீழே, ‘நீங்களும் சாதிக்கலாம். சேர்க்கை நடைபெறுகிறது.’

அண்ணி அந்த நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். முதல் தகவலைக் கொண்டுவந்தவர் பல் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு பெரியவர். வாயில் பஞ்சு, பாதி நாக்கு மரத்திருந்தது.

“உங்க வீட்டுக்காரஹுக்கு... வஹி ஏய்ஹில் முஹலிடம்.”

“என்னங்க சொல்றீங்க? வலிக்குதா?”

பெரியவர் தலையை ஆட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஜன்னலைத் திறந்து காட்டினார்.

அதே நேரத்தில் கடையில் போன் அடித்தது. ஆடிட்டர். “அண்ணாச்சி, முதலிடம் வாங்கினது உங்க திறமை. அதுக்கு விளம்பரம் எதுக்கு?”

சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் விசாரணை நடந்தது. இரட்டைப் பெண்கள்கூடச் சத்தமில்லாமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘சங்கக் கூட்டம்’ பொய் என்பது முதல் கேள்வியிலேயே வெளிவந்தது. “வகுப்புக்கு ஏன் போனீங்க?” என்ற இரண்டாவது கேள்வியில் அண்ணன் உடைந்துவிட்டார். வெளிநாட்டுக் கணக்கு, கமிஷன், எல்லாம் கொட்டினார்.

“ஏமாத்தணும்னு நெனைக்கலம்மா. முதல் வருஷம் சொல்ல மறந்துட்டேன். அடுத்த வருஷம், போன வருஷம் ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு பயந்தேன். அப்புறம் பழகிப்போச்சு.”

“வரி ஆபீஸ விடுங்க. எனக்கு ஏன் சொல்லல?”

“கடை நஷ்டமாச்சுன்னா, பிள்ளைங்களுக்கு ஒரு பிடிமானமா...”

“நான் வேலைக்குப் போறது பிடிமானம் இல்லையா?” அண்ணியின் கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை. “நூறு நாடு சேந்து கண்டுபிடிக்க வேண்டியத ஒரு பல்லு பிடுங்கின ஆளு சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு.”

ஆபீசர் மெல்லக் கேட்டாள். “அப்போ, அந்தத் ‘தெரிஞ்ச ஒருத்தர்’ நீதானா அண்ணா?”

“உனக்கு இப்பத்தான் புரியுதா?” என்றாள் அண்ணி. “நீ எப்படி எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணின?”

ஆபீசருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை. அவள் படிக்கக் கட்டணம் கட்டியது அண்ணன். புத்தகம் வாங்கித் தந்தது அண்ணன். அண்ணி போனில் விஷயத்தைச் சொன்னதும் மாமா ஒருவர், “நேர்முகத் தேர்வு முடியற வரைக்கும் வாயத் திறக்காம இருங்க” என்று யோசனை சொன்னார். அவளுக்கும் ஒரு நிமிடம் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

“இல்ல அண்ணா,” என்றாள் கடைசியில். “நாளைக்கே வரி ஆபீசுக்குப் போயிடலாம். நேர்முகத் தேர்வுல நேர்மையப் பத்தி அவங்க கேட்டா, எனக்கு உன் மூஞ்சிதான் ஞாபகம் வரும். அதுவும் அந்த போர்டுல இருக்கற மூஞ்சி. நான் சிரிச்சிடுவேன்.”

“நீயும் கூட வருவியா?”

“வராம?”

மறுநாள் மூவரும் ஆடிட்டரோடு வரி அலுவலகத்துக்குப் போனார்கள். நீண்ட அறை, காகித வாசனை, ஒரு பக்கம் மட்டும் சுற்றும் மின்விசிறி. அதிகாரி ஒரு பெண்மணி. அண்ணன் எதிரே உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்பித்தார். எந்த ஏற்பாட்டின் கீழ் தகவல் வரும், எது தானாக முன்வந்து சொல்வது, எங்கே கட்டிய வரியை எங்கே கழித்துக்கொள்ளலாம் என்று வரிசை தப்பாமல் சொன்னார்.

“இவ்வளவு தெரிஞ்சவரு ஏன் இத்தன வருஷம் கட்டல?”

“இப்பத்தான் மேடம் படிச்சேன்.”

அதிகாரி கணினியில் எதையோ தேடினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “தகவல் வந்திருக்கு. ஆனா உங்க பேர அந்தப் பக்கம் எழுத்துப் பிழையோட அனுப்பிருக்காங்க. யாருன்னு தெரியாம எங்க ஆளுங்க தேடிக்கிட்டு இருந்தாங்க.”

அண்ணன் மெதுவாகத் தங்கை பக்கம் திரும்பினார். “அப்போ நாம வரலைன்னா...” என்று தொடங்கினார். மேசைக்கு அடியில் ஒரு காலை அண்ணியும் மறு காலைத் தங்கையும் மிதித்தார்கள்.

“வரலைன்னா ரொம்பத் தப்பாயிருக்கும்” என்று முடித்தார்.

நோட்டீஸ் போகுமுன் வந்ததால் வழக்கு இல்லை என்றார் அதிகாரி. வரியும் அபராதமும் சேர்ந்து அந்தக் கணக்கில் பெரும்பகுதியைக் கொண்டுபோயின. மிச்சத்தை அண்ணி தன் பெயரையும் சேர்த்து ஊர் வங்கியில் போட வைத்தாள். பத்து நாள் அவள் அண்ணனிடம் சரியாகப் பேசவில்லை. பேச ஆரம்பித்த பிறகு, அவர் எங்கே போவதாகச் சொன்னாலும், “அங்க போட்டோ கீட்டோ கேட்டா குடுக்காதீங்க” என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

நேர்முகத் தேர்வு நாளன்று அண்ணன் கடையைச் சாத்திவிட்டு ஆபீசரோடு போனார். அவள் உள்ளே இருந்த நேரம் முழுக்க எதிரே இருந்த மரத்தடியில் நின்றார். வெளியே வந்தவளின் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“அதக் கேட்டாங்களா?”

“எத?”

“நம்ம பாடத்தத்தான்.”

“கேக்கவே இல்ல அண்ணா.”

“ஒரு கேள்விகூடவா?” அண்ணனின் முகம் தொங்கிவிட்டது. தனக்கே தேர்வு போனது போல இருந்தது அவருக்கு. “அப்ப என்னதான் கேட்டாங்க?”

“கழுகு ஏன் கொறஞ்சுபோச்சுன்னு.”

“எந்தக் கழுகு?”

“பொணம் தின்னிக் கழுகு. மாட்டுக்குப் போடற வலி மருந்துதான் காரணம்னேன். அப்புறம் என்னென்னமோ கேட்டாங்க. பாதிக்குப் பதில் சொன்னேன், பாதிக்குத் தெரியாதுன்னு சொன்னேன்.”

‘தெரியாது’ என்று சொன்னதற்கும் அவர்கள் மதிப்பெண் போட்டிருந்தது அவளுக்கு அப்போது தெரியாது. பின்னால் வந்த தேர்வானவர்கள் பட்டியலில் கடைசிக்குப் பக்கத்தில்தான் அவள் பெயர் வந்தது. ஆனால் வந்தது.

அன்று இருவரும் பேருந்துக்கு நடந்தார்கள். பாதி வழியில் அண்ணன் நின்றார்.

“ஏன் ஆபீசரே, மாட்டுக்குப் போட்ட மருந்து கழுகு வயித்துக்கு எப்படிப் போச்சு?”

“செத்த மாட்டத் தின்னுதுல்ல அண்ணா.”

“அது சரி. மாடு சாகலைன்னா?”

“ஏன் அண்ணா, உனக்கு மாடு ஏதாவது இருக்கா?”

“சேச்சே, சும்மா கேட்டேன்” என்றார் அண்ணன். அவள் நம்பாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.