கிண்டலில் இடம் கேட்டவர்

கிராமத்து நாவல்களைக் கிண்டலடிக்கும் அந்த நாவல், எழுதியவர் காலமாகி இருபது வருடமாகியும் விற்றுக்கொண்டே இருந்தது. பதினோராம் பதிப்புக்குப் பிழை பார்க்க உட்கார்ந்த எங்கள் பதிப்பக ஆட்கள் சிரித்துச் சிரித்துப் பிழைகளைக் கோட்டைவிட்டார்கள். சிரிக்காத ஆள் வேண்டுமென்று, முப்பது கிராமத்து நாவல் எழுதிய பெரியவரைக் கூப்பிட்டேன்.

அவர் உட்காரவே இல்லை. ஒரு பக்கம் புரட்டுவார், ஜன்னல் வரை நடப்பார், திரும்பி வருவார்.

"என்னண்ணே, கோபமா?"

"பின்னே? கிராமத்துக் கதை எழுதுறவங்க எல்லாரையும் கிழிச்சிருக்கான். பத்துப் பதிப்பும் தேடிட்டேன், என்னை மட்டும் காணோம். கிண்டலடிக்கக்கூட லாயக்கில்லாமலா எழுதிட்டேன் தம்பி?"

"யாரு சொன்னா? நிலாவைப் பார்த்து அழுவுதே ஒரு காளை, அது உங்க நாவல்தானே!" என்று தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும் குரலில் சொன்னேன்.

"என் நாவல்ல அழுவுறது எருமைப்பா!"

"அவசரத்துல மாத்தி எழுதியிருப்பாரு."

பெரியவர் முதன்முறையாக நாற்காலியில் அமர்ந்தார். சிவப்புப் பேனாவால் காளையை அடித்து, எருமை என்று அழுத்தி எழுதினார்.

"எனக்கு இருபது பிரதி எடுத்து வைங்க. சம்பந்தி வீட்டுக்கெல்லாம் குடுக்கணும்."