ஆறிப்போன தூக்குச்சட்டி

வெயில் ஏறுவதற்குள் கண்ணாடிகளைக் கழுவி முடித்தாக வேண்டும். தேவாரத்துக்குக் கிழக்கே, ஒரு காலத்தில் சோளம் விளைந்த காட்டில் இப்போது வரிசை வரிசையாய்க் கண்ணாடிகள். அவை வெயிலைத் திரட்டி நடுக்கோபுரத்தின் உச்சிக்கு எறியும். அந்தச் சூட்டில் உப்பு உருகிக் குழம்பாகி, குழாய் வழியே தொட்டிக்கு இறங்கும். பொழுது சாய்ந்த பிறகும் அந்த உப்பின் சூட்டிலேயே மின்சாரம் ஓடும்.

மாரீஸ்வரிக்கு ஈரத்தில் விரல்கள் விறைத்திருந்தன. அன்றைக்கு மலைக்காற்று ஏனோ அடங்கிக் கிடந்தது.

உப்புக் குழாயின் தகர உறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பெண்கள் சோற்றை அதன்மேல்தான் வைப்பார்கள். ஒரு தூக்குச்சட்டி மட்டும் பொதுவானது. உப்புப் பட்டுக் கால் வெந்து படுக்கையில் கிடக்கும் சின்னக்கருப்புக்காக ஆளுக்கொரு பிடி அதில் போடுவார்கள்.

"மதினி, சட்டி சில்லுனு இருக்கு" என்றாள் அதை எடுத்து வந்த ஜோதிலட்சுமி.

மாரீஸ்வரி சட்டியை வாங்கித் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். போன மாதமும் இப்படித்தான் சோறு ஆறிக் கிடந்தது. 'இன்னைக்குப் பழைய சோறுடி' என்று சிரித்துக்கொண்டே தின்றார்கள். உள்ளே உப்பு உறைந்துவிட்டது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. அன்றைக்குத்தான் அதை இளக்கப்போன சின்னக்கருப்பின் மேல் குழாய் வெடித்து உப்புப் பீறிட்டது.

ஜீப்பில் வந்து இறங்கினார் காண்ட்ராக்டர் முத்துராஜா. குழாயோரம் கயிறு கட்டிய எல்லையைத் தாண்டிப்போய்க் குழாயடியில் நின்றுகொண்டு, மாரீஸ்வரியின் கணவனைக் கூப்பிட்டார்.

"ஏப்பா ஈஸ்வரபாண்டி, கேஸ் பர்னரை எடு. வெயில் வர்றதுக்குள்ள உப்பு ஓடணும்."

"குழாயச் சூடேத்துற ஒயரு செத்துக் கெடக்குண்ணே. அதை மாத்தாம தீயக் காட்டுனா, ரெண்டு பக்கமும் இறுகி நடுவுல மட்டும் உருகி வெடிக்கும். சின்னக்கருப்புக்கு அதான ஆச்சு?"

"அவன் வழுக்கி விழுந்தான். மேல அப்படித்தான் சொல்லிருக்காக."

"வழுக்கி விழுந்தா கால் வேகுமாண்ணே? எங்க ஊர்ல செராய்க்கத்தான் செய்யும்" என்றாள் ஜோதிலட்சுமி.

"ஏத்தா, நீ போயி கண்ணாடியத் துடை! ஈஸ்வரா, முடியாதுன்னா அந்தா இருக்கு கேட்டு. சின்னமனூர்ல இருந்து ஒரு லாரி ஆளு எறக்குவேன்."

ஈஸ்வரபாண்டி தலை குனிந்து பர்னரை எடுத்தான். மாரீஸ்வரி துடைப்பானைப் போட்டுவிட்டு, கயிற்றைத் தாண்டிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மனசுக்குள் கௌமாரியம்மனை அழைத்தாள்.

"வெளிய வாங்க. இன்னைக்கு இதுக்கடியில யாரும் போக வேண்டாம்."

வெளியே வந்தார்கள். ஜோதிலட்சுமியின் துடைப்பான் தரையில் விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். கயிற்றோரம் பெண்களும் ஆண்களும் தோளொட்டி நின்றார்கள்.

உறைக்குள் எங்கோ 'டக்'கென்றது.

"அண்ணே, நீங்களும் இங்கிட்டு வந்துருங்க" என்றாள் மாரீஸ்வரி. "ஒங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்குல்ல."

முத்துராஜா அவளை முறைத்தார். மறுபடி 'டக்'. வேகமாகக் கயிற்றைத் தாண்டி அவர்கள் பக்கம் வந்தவர், யார் முகத்தையும் பார்க்காமல் போனை எடுத்தார். "லாரிய அனுப்புங்க."

கழுவாத கண்ணாடிகளின் மேல் வெயில் சிவப்பாக ஏறியது. வெகுநேரம் கழித்துச் சாலையில் புழுதி கிளம்பியது.

"வந்துட்டாக. இனி என்ன செய்ய?" என்றான் ஈஸ்வரபாண்டி.

மாரீஸ்வரி தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

"அவுகளும் வேலை தேடித்தான வர்றாக. வந்ததும் இந்தச் சட்டியத் தொட்டுப் பாக்கச் சொல்லுவோம். ஆளுக்கு இன்னொரு பிடி போடுங்க, விடிகாலைல வெறும் வயித்தோடதான் ஏறியிருப்பாக."

கைகள் ஒவ்வொன்றாகச் சட்டிக்கு நீண்டன. குழாய்க்குள் மறுபடியும் சத்தம் கேட்டது. லாரி கேட்டுக்குள் திரும்பியது.