வருஷா வருஷம் செய்கிற வான்கோழி

...அப்படி என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன், ஒரு நாள் வீட்டுக்கு வாங்க என்றேன், அவ்வளவுதானே, ஈரோட்டில் பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகக் கையாட்டுகிறவனிடம்கூடச் சொல்வோம், அவனும் கட்டாயம் வர்றேனுங்க என்பான், அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும், நான் முகவரி கொடுக்கமாட்டேன் என்று அவனுக்கும் தெரியும், இரண்டு பேரும் திருப்தியாகப் பிரிவோம், நாகரிகம் என்றால் அது, ஆனால் இந்த கிர்ஸ்டி, மல்கிரேவ் ஆபீசில் எங்கள் பதினான்கு பேருக்கும் மேனேஜர், வாயில் இருந்த சாண்ட்விச்சை விழுங்கும் முன்பே கைபேசியை எடுத்து, டிசம்பர் இருபத்தைந்து, பகல் ஒரு மணி, ராஜ் வீடு என்று குறித்துக்கொண்டு, நான் என்ன கொண்டு வரட்டும் என்று கேட்டுவிட்டாள்... இந்த வருஷம் பிள்ளைகள் அவர்களுடைய அப்பாவிடம் போகிறார்கள், தனியாக இருக்கவேண்டுமே என்று பயந்துகொண்டிருந்தேன் என்று சொல்லும்போது அவள் கண்கூடக் கலங்கியது, அதற்குப் பிறகு, அம்மணி, நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று எவன் சொல்வான்? அதனால் இப்போது, காலை எட்டே காலுக்கு, டிசம்பரில் கோடை கொளுத்துகிற இந்த நாட்டில், எங்கள் ரோவிலில் வெயில் முப்பதைத் தாண்டி முப்பத்தெட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, நான் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து ஓவனைக் காலி செய்துகொண்டிருக்கிறேன், இரண்டு தோசைக்கல், பணியாரச் சட்டி, கல்யாணத்தில் வந்து இன்னும் பிரிக்காத இட்லிக் குக்கர், மூடியில்லாத பாத்திரங்கள் நான்கு, எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்தாத மூடிகள் ஏழு, அப்பளக்கட்டு, எல்லாவற்றுக்கும் பின்னால் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல் ஓவனின் கையேடு... வீடு வாங்கி ஆறு வருஷம் ஆகிறது, ஆறு வருஷமாக இது எங்களுக்குப் பீரோ, சூடாகும் என்பதே இன்றைக்குத்தான் தெரியப்போகிறது.

வாங்க என்று சொன்னதோடு நின்றிருந்தாலும் ஒரு பிரியாணியோடு முடிந்திருக்கும், அதற்கு முந்தின நிமிஷம் சொன்னதுதான் வினை... லஞ்ச் ரூமில் உட்கார்ந்திருந்தோம், எதிர்ச் சுவரில் அந்தப் போஸ்டர், உங்கள் முழுமையான சுயத்தை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள் என்று, கீழே ஐந்து நிறத்தில் ஐந்து கைகள், எனக்கு எதிரே பிரதீப்குமார், சேலத்துக்காரன், நான்கு வருஷத்தில் பிரதீப் ஆகி, பிரட் ஆகி, இப்போது பிராட் ஆகிவிட்டவன், நான் மட்டும் என்ன, நாகராஜனை முன்னும் பின்னும் நறுக்கி ராஜ் என்று தட்டில் வைத்துக் கொடுத்தவன்தானே, இந்த பிராட் பாவ்லோவா கேக் செய்வது எப்படி என்று கிர்ஸ்டிக்கு வகுப்பெடுக்கிறான், முட்டையின் வெள்ளைக்கருவை அடிப்பதில் ஒரு தியானம் இருக்கிறதாம், ஜனவரியில் இரண்டு டீமை ஒன்றாக்குகிறார்கள், இரண்டு லீடுக்கு ஒரே நாற்காலி, அவனா நானா, முடிவு செய்யப்போவது அவள், அந்த நேரம் பார்த்து என் பக்கம் திரும்பி, ராஜ், உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வீர்கள் என்றாள். உண்மை என்னவென்றால் ஒன்பதரை வரை தூங்குவோம், கலா தோசை ஊற்றுவாள், நான் லுங்கியோடு கடைசித் தோசை வரை உட்கார்ந்திருப்பேன், பதினோரு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு வெல்லிங்டன் ரோட்டில் போவோம், ஒரு வண்டி இருக்காது, பூட்டிக்கிடக்கிற கடைகளைப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வருவோம், ஆபீசிலிருந்து ஒரு மின்னஞ்சல் வராது, யாரும் எதையும் கேட்கமாட்டார்கள், சொல்லப்போனால் வருஷத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த நாள் அது... அதைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், நாங்களா, நாங்கள் வருஷா வருஷம் டர்க்கிதான், பன்னிரண்டு வருஷமாக, நானே செய்வேன் என்று வந்தது. பிராட் முகம் சுருங்கியதைப் பார்க்கவேண்டுமே, அந்த ஒரு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது, அந்த உற்சாகத்தில்தான் வாங்க என்றேன். வீட்டுக்கு வந்து கலாவிடம் சொன்னால், "பொய் சொன்னது நீங்க, வேகறதும் நீங்களே வேகுங்க, நான் சமையக்கட்டுப் பக்கமே வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அதை அப்படியே நிறைவேற்றவும் செய்கிறாள், ஹாலில் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து மெதுவாக, ரொம்ப மெதுவாகக் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள், அந்த உறிஞ்சும் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

ஐந்தரைக் கிலோ வான்கோழி, மூன்று நாளாக ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு முழுவதையும் அடைத்துக்கொண்டு, மாவுப் பாத்திரத்தை வெளியே தள்ளிப் புளிக்கவைத்துவிட்டு, இப்போது மேடைமேல் மல்லாந்து கிடக்கிறது, குளித்துவிட்டுத் துண்டு கேட்கிற சித்தப்பா மாதிரி... செய்முறையை ஐந்து பக்கம் அச்செடுத்து வைத்திருக்கிறேன், உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்வதற்கு முன்னால் அந்த அம்மாளின் பண்ணை வீடு, இறந்துபோன நாய், இத்தாலியில் கழித்த ஒரு கோடைக்காலம், வெண்ணெய் அவளுக்கு வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தது என்று இரண்டு பக்கம், மூன்றாவது பக்கத்தில்தான் கோழியே வருகிறது. நெஞ்சுப் பக்கத்துத் தோலுக்கு அடியில் விரல்களை மென்மையாக நுழைத்துத் தளர்த்துங்கள், உள்ளே வெண்ணெய் தடவுங்கள், தோல்தான் எல்லாம், பொன்னிறமான தோல் இல்லாவிட்டால் டர்க்கி இல்லை. சரி, நுழைத்தேன், குளிர்ந்து வழவழவென்று இருந்தது, மென்மையாகத்தான் தளர்த்தினேன், போன வருஷ மதிப்பீட்டில் கிர்ஸ்டி எழுதியது ஞாபகம் வந்தது, ராஜ் நல்ல உழைப்பாளி, ஆனால் தன்னை இன்னும் வெளிப்படுத்த வேண்டும், எதை வெளிப்படுத்த, நானும் சுவரில் தொங்கும் அந்த முழுமையான சுயத்தை ஒரு நாள் கொண்டு போகிறேன் என்று வைத்துக்கொள், அது லுங்கியோடு வரும், சாம்பார்சாதத்தை மைக்ரோவேவில் வைக்காதே என்று நோட்டீஸ் ஒட்டிய அதே ஆட்கள்தான் அந்தப் போஸ்டரையும் ஒட்டினார்கள், ஐந்து நிறத்தில் ஐந்து கை, எந்தக் கையிலாவது ஊறுகாய் பாட்டில் இருக்கிறதா, பிராட் மட்டும் எப்படி வெளிப்படுத்துகிறான், வெள்ளைக்கருவில் தியானம், சேலத்தில் அவன் அம்மா அவனை ஆம்லெட்டுக்கு முட்டை உடைக்கக்கூட விட்டிருக்கமாட்டாள், எட்டு வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தபோதெல்லாம் எழுந்து உட்கார்ந்தவன் நான், அது வெளிப்பாடு இல்லையா, கேட்கிறேன், அது என்ன... என்று கேட்டுக்கொண்டே நான் ஏதோ ஒன்றை ஓங்கி இழுத்தேன், சரக்கென்று ஒரு சத்தம், எனக்கு ரொம்பப் பழக்கமான, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிற சத்தம். குனிந்து பார்த்தால் என் இடது கையில் வான்கோழியின் தோல் முழுசாக, பனியன் மாதிரி தொங்குகிறது. வலது கை அதற்குள் உப்பை அள்ளிப் போட்டு, மஞ்சள் தூள் டப்பாவைத் திறந்து, இரண்டு ஸ்பூன் கொட்டி, சந்துபொந்தெல்லாம் தேய்த்தும் முடித்துவிட்டது. கல்யாணமாகிப் பதினேழு வருஷம், சமையலில் எனக்கென்று கலா ஒதுக்கிய ஒரே இலாகா கோழி உரிப்பதும் மஞ்சள் போட்டுக் கழுவுவதும்தான், நம் வீட்டில் தோலோடு எவன் கோழி சாப்பிட்டான், கைக்கு என்ன தெரியும், கோழியைக் கொடுத்தால் உரிக்கத் தெரியும், அதனிடம் யாரும் கிறிஸ்துமஸ் என்று சொல்லவில்லை.

நான் போட்ட சத்தத்தில் கலா சபதத்தை மறந்து எழுந்து வந்தாள், வாசலிலேயே நின்றாள், மேடைமேல் மஞ்சள் மஞ்சளாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாள், காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஏனுங்க, மஞ்சள் நீராட்டா? சொல்லியிருந்தா சீர்த்தட்டு ரெடி பண்ணியிருப்பேனே." கலா, இப்ப சிரிக்கிற நேரமா? "நான் எங்கீங்க சிரிச்சேன், பத்திரிகை அடிச்சீங்களான்னுதான் கேக்கறேன்." கழுவிப் பார்த்தேன், மஞ்சள் என்றைக்குக் கழுவினால் போனது, மேடை போயிற்று, சிங்க் போயிற்று, என் பனியன் போயிற்று, அது மட்டும் இன்னும் மங்களகரமாக மின்னியது. மணி ஒன்பது, இன்றைக்கு இந்த ஊரில் ஒரு கடை திறந்திருக்காது, வேறு வான்கோழிக்கு வழியில்லை, அதே தோலைத்தான் மறுபடி போடவேண்டும், சொல்வது சுலபம், கழற்றின ஈரச் சட்டையைத் தூங்குகிற குழந்தைக்கு மாட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் நழுவுகிறது, தொடையில் கிழிந்திருக்கிறது, கழுத்து எது இடுப்பு எது என்று தெரியவில்லை, கலா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள், பிறகு தலையில் அடித்துக்கொண்டு, "தள்ளுங்க, தையக்காரனுக்குப் பொறந்த மாதிரிதான்" என்று பல்குச்சி டப்பாவை எடுத்து வந்து அக்குளில் நான்கு, இடுப்பில் ஆறு என்று குத்தினாள், நான் பிடித்துக்கொண்டேன், பதினேழு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒன்றைச் சமைப்பது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது, சொன்னால் திட்டுவாள், சொல்லவில்லை. உள்ளே வைத்து நூற்றெண்பதில் திருகினேன், ஆறு வருஷத்துத் தூசி முதலில் வெந்தது, புகை அலாரம் அலறியது, துண்டை வீசி வீசி அதை அடக்கினேன், பிறகு மூன்று மணி நேரம் அந்தக் கண்ணாடிக்கு முன்னால், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறவன் மாதிரி, எழுந்து பார்ப்பதும் உட்காருவதும், வெளியே முப்பத்தெட்டு, உள்ளே நூற்றெண்பது, நடுவில் நான்.

பன்னிரண்டரைக்கு எடுத்தபோது தோல் சிவந்துதான் இருந்தது, இடைவெளிகளில் மட்டும் மஞ்சள் எட்டிப் பார்த்தது, தூரத்திலிருந்து பார்த்தால் வேண்டுமென்றே செய்த அலங்காரம் என்று சொல்லலாம், கிட்டத்தில் பார்த்தால் விபத்துக்குப் பிறகு கட்டுப் போட்ட மாதிரி... பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறவன் செய்தது என்று கிர்ஸ்டி நம்புவாளா, கோழியைக் காட்டி நம்பவைக்கலாம், வீட்டைக் காட்டி எப்படி நம்பவைப்பது, ஒரு மரம் இல்லை, ஒரு பொம்மை இல்லை, போன வருஷத்துப் படம் ஒன்றைக் காட்டு என்றால்? மூன்று நாளாக நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த வேலை ஒன்று பாக்கி இருந்தது, எங்கள் மகள் ஹரிப்பிரியா. ஒன்பதாம் வகுப்பு, தூங்கி எழுந்து வந்து சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளிடம் நான்தான் பேசவேண்டும், பொய் சொல்லக்கூடாது என்று மூன்றாம் வகுப்பில் அவள் ரிப்போர்ட் கார்டை ஒளித்துவைத்ததற்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்த அதே வாயால், எப்படி ஆரம்பிப்பது, பாப்பா, சில சமயம் பெரியவர்கள் என்று ஆரம்பிக்கலாமா, கேவலமாக இருக்கிறது, ஹரி, ஒரு விஷயம் என்றேன், கிர்ஸ்டி ஆன்ட்டி வந்து உன்கிட்ட ஏதாவது கேட்டாங்கன்னா... போன வருஷம் என்ன பண்ணினீங்க அப்படி இப்படின்னு... நீ பெரிசா எதுவும் சொல்ல வேண்டாம், தலையாட்டினா போதும், என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது வான்கோழியிலிருந்து ஒரு பல்குச்சி நழுவி விழுந்தது. அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இட்ஸ் ஓகே அப்பா, ஐ நோ த ஸ்டோரி." என்ன ஸ்டோரி? "த டர்க்கி ஸ்டோரி. கிரேடு டூலேர்ந்து சொல்லிட்டுதானே இருக்கேன்."

ஏதோ பள்ளிக்கூடப் பாடத்தைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள், லீவு முடிந்து பள்ளி திறக்கிற முதல் வாரம், எல்லோரும் வட்டமாக உட்காரவேண்டும், கிறிஸ்துமஸுக்கு என்ன செய்தீர்கள் என்று டீச்சர் வரிசையாகக் கேட்பாள், முதல் வருஷம் அவள் தோசை, டிரைவ் என்று சொன்னாளாம், அப்படியா, ஹவ் நைஸ் என்று சொல்லிவிட்டு டீச்சர் சீக்கிரமாக அடுத்த குழந்தைக்குப் போய்விட்டாளாம், அடுத்த வருஷத்திலிருந்து டர்க்கி. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் சேர்த்தாளாம், முதலில் டர்க்கி மட்டும், பிறகு மரம், பிறகு சிட்னியிலிருந்து மாமா, எனக்குச் சிட்னியில் யாருமே இல்லை, "நீங்கதான் கட் பண்ணுவீங்க, பேப்பர் கிரவுன் போட்டுட்டு, கையில பெரிய ஃபோர்க். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாங்க. எல்லாம் மேட்ச் ஆகும், டோன்ட் வொரி." நான் ஓவன் கையுறையைக் கழற்றாமலே நின்றேன், கணக்குப் பார்த்தால் அவள் சொல்கிற அந்த முதல் வருஷம் வெல்லிங்டன் ரோட்டில் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு, பாரு ஹரி, ரோடு பூரா நமக்கே என்று சொன்ன வருஷம், பின்சீட்டில் கைதட்டினாளே, கைதட்டினாள்தானே... கலா ஹால் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் முகத்திலும் சிரிப்பு இல்லை. என்ன கேட்பது, ஏன் சொல்லவில்லை என்றா, என்னிடம் யார் கேட்டாலும் நான் என்ன சொன்னேன், கடைசியில் வாயில் வந்ததைத்தான் கேட்டேன், சரி, உன் கதையில அந்த டர்க்கி நல்லா இருக்குமா? வெளியே கார் ஒன்று வந்து நிற்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம். அவள் முதல் தடவையாக போனைக் கீழே வைத்துவிட்டு, விழுந்துகிடந்த பல்குச்சியை எடுத்து, தோலை இழுத்து மஞ்சளை மூடிச் சரியான இடத்தில் குத்தினாள். "எவ்ரி இயர் கொஞ்சம் டிரையா இருக்கும்ப்பா. பட் வி நெவர் டெல் யூ." அழைப்பு மணி அடித்தது. இதோ வர்றேன் என்று குரல் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்... அவள் கதையில் இருக்கிற அந்த வீட்டில் எனக்குச் சொல்லாமல் வேறென்னவெல்லாம் வைத்திருக்கிறார்கள்?