ஃபோம் மெத்தை மேல் நிலநடுக்கமானி

எரிமலைக் கண்காணிப்பு அலுவலகத்தின் இயக்குநர் அமைதியை விரும்புபவர். அந்த விருப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பது, பத்து நாள் விடுப்பு முடிந்து அடித்தள அறைக்குள் நுழைந்தபோதுதான் கருவிப் பொறுப்பாளனுக்கு விளங்கியது. பாறையோடு போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருக்க வேண்டிய நிலநடுக்கமானி, நான்கு விரற்கடை தடிமனுள்ள ஃபோம் மெத்தையின் மேல் பள்ளிகொண்டிருந்தது. நடுக்கத்தையெல்லாம் மெத்தை விழுங்கிவிட, திரையில் கோடு நேராக ஓடியது. அறிவியல் இவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொண்டதே இல்லை.

"யார் சார் செஞ்ச வேலை இது?"

"நான்தான் வைக்கச் சொன்னேன். சும்மா சும்மா ஆடிக்கிட்டே இருந்துச்சு. பார்க்க வர்றவங்க பயப்படுறாங்கப்பா."

"ஆடுறதுதானே சார் அதோட வேலை!"

"அதுக்கு ஒரு அளவு வேணாமா?"

அவன் மெத்தையை உருவி எறிந்துவிட்டு, கருவியைப் பாறையில் பொருத்தி முறுக்கினான். கோடு சீறி எழுந்தது. மலை எத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருந்ததோ! அதன் அடிவாரப் பள்ளியில்தான் அவனுடைய அக்கா தலைமையாசிரியை. தகரக் கூரையின் கீழ் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்.

"எச்சரிக்கை விடணும் சார். இப்பவே."

"புதன்கிழமை கமிட்டி கூடுதில்ல, அதுல வச்சிடலாம்."

தமது அனுபவத்தில் எந்த மலையும் கமிட்டியை முந்திக்கொண்டு வெடித்ததில்லை என்று இயக்குநர் விளக்கினார். அந்தக் கமிட்டி இதுவரை கூடியதே இரண்டு முறைதான் என்பதை விளக்கவில்லை.

அவன் அக்காவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு உடனே ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிடு. மலை சரியில்ல."

"உத்தரவு வந்திருக்காடா?"

"வராது. நான்தான் சொல்றேன்."

"மலை சும்மா இருந்துட்டா நம்ம ரெண்டு பேர் வேலையும் காலி, தெரியுமில்ல?"

"தெரியும்."

"சரி, போனை வை. பேசியே நேரத்தக் கடத்தாத." இணைப்பு அறுபடுமுன் பள்ளி மணி அடிப்பது அவனுக்குக் கேட்டது.

பிற்பகலில் மலை வெடித்தது. சாம்பல் பாரம் தாங்காத கூரை, காலியான பெஞ்சுகளின் மேல் இறங்கியது. ஆற்றுக்கு அப்பாலிருந்த மைதானத்துக்குக் கேமராக்கள் சூழ வந்துசேர்ந்த இயக்குநர், தொண்டையைச் செருமிக்கொண்டு, தமது அலுவலகத்தின் தொலைநோக்கைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

வருகைப் பதிவேட்டை விரித்து நின்ற அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது. பிள்ளைங்கள எண்ணணும்."

அவர் தள்ளி நின்றார். எண்ணிக்கை சரியாக இருந்தது.